சாமிக்கென்று வளர்த்த முடி

செய்தி மலை பஸ்ஸில் வந்தது. காளப்பநாயக்கன்பட்டியில் காலை பஸ் வந்து நின்றால், இறங்கும் ஆட்களை விட மூட்டைகள் அதிகமாக இருக்கும். மிளகும் வாழைத்தாரும் இறங்கி முடிக்கும் வரை ஓரமாக நின்று, மேலே எல்லாரும் சௌக்கியமா என்று கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு நடப்பேன். மாறுதலாகி மலையை விட்டுக் கீழே வந்த பிறகும் விடாத பழக்கம் இது. அன்றைக்கு நான் கேட்பதற்கு முன்பே அவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், உங்களுக்கு யாரும் போன் பண்ணலீங்களா? நம்ம ஜெயமணி மேடம் விடியக்காலம் தவறிட்டாங்க."

நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டு நல்லம்மாள் ஓடி வந்து முதுகைத் தடவியிருக்கிறார். ஆம்புலன்ஸ் மலையில் பாதி இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குத் தெரியாமலே என் ஊர் வழியாகத்தான் அவரைக் கொண்டு போயிருக்கிறார்கள். நான் அப்போது வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்திருப்பேன். இதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஜெயமணி அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அப்படி வாழவந்தி நாட்டில் நான் கணக்கு ஆசிரியையாக இருந்த பள்ளியில் அவர் இளநிலை உதவியாளராக வேலை பார்த்தார். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் மலைக்காரர்களை அவர் ஒருநாளும் திரும்ப அலைய விட்டதில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா? உக்காருங்க, இப்பத் தந்தர்றேன்" என்பார். ஆனால் அவரை அறிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் அவர் தலைமுடியைப் பற்றித்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்லப்போகிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஓர் ஐப்பசி மழையில், தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வேலையில் சேர வந்தார். அலுவலக அறையில் துப்பட்டாவை எடுத்ததும் தலைமையாசிரியரின் பேனா நின்றுவிட்டது. பாதி மஞ்சள், பாதி செம்பட்டை. நுனியெல்லாம் வெடித்து, மலைப்பனியின் ஈரத்தில் உப்பி, கூரையிலிருந்து பிடுங்கிய வைக்கோல் போல நின்றது அந்த முடி. சேலத்து ஃபேஷன் மலையேறி வந்திருக்கிறது என்று ஆசிரியர் அறையில் நான்தான் முதலில் சொன்னேன். பிள்ளைகள் என்னை விடக் கெட்டிக்காரர்கள். விளைந்த தினைக்கதிர் நிறமாம், மறுநாளே "தெனக்கதிரு டீச்சர்" என்று பேர் வைத்துவிட்டார்கள். மலையில் பள்ளிக்கூடத்துக்குள் வேலை பார்க்கிற பெண்கள் எல்லாருமே டீச்சர்தான்.

அது அவர் காதில் விழுந்தது. "பரவால்லீங்க. பொதருன்னு சொல்லாம கதிருன்னாங்களே, பாசக்காரப் புள்ளைங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவரைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. அதாவது, இரண்டு நாள் வரவில்லை.

வெளியூர்ப் பெண்கள் தங்குவதற்கு அங்கே அதிக வீடுகள் கிடையாது. நல்லம்மாள் தன் வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி விட்டிருந்தார். ஓர் அறையில் நான் இருந்தேன், இன்னொன்றில் ஜெயமணி வந்து சேர்ந்தார். அடுப்பு ஒன்று, குளியலறை ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தலைக்குக் குளித்துவிட்டு வந்து வாசல் வெயிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் விரித்திருந்த துண்டு முழுக்க உடைந்த முடி. உதிர்ந்த முடி இல்லை, விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக உடைந்தது. சீப்பு பட்டாலே ஒடிந்தது.

"மொட்டை போட்டுட்டா ஒரே நாள்ல தொல்லை விட்டுதுங்களே?" என்றேன். நம் ஊரில் யாரும் சொல்லக்கூடிய யோசனைதான்.

"போடத்தான் போறேனுங்க டீச்சர். ஆனா இந்த முடிய இல்லீங்க" என்றார்.

அப்போதுதான் கதை முழுவதையும் சொன்னார். கல்யாணமாகிப் பெண் குழந்தை பிறந்த பிறகு, திருப்பூருக்கு வேலைக்குப் போன கணவர் அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். இவர் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே சேலத்தில் ஒரு பியூட்டி பார்லரில் வேலைக்குச் சேர்ந்தார். முடிக்குக் கலர் அடிக்க ஆசைப்பட்டு வருகிற பெண்கள் கடைசி நிமிடத்தில் பயந்து தயங்குவார்கள். அப்போது முதலாளியம்மாள், "ஜெயா, இங்க வா" என்று கூப்பிட்டு இவரை உட்கார வைத்து, இவர் தலையில் அடித்துக் காட்டுவார். புதிதாகத் தொழில் பழக வருகிறவர்களுக்கும் இவர் தலைதான் சிலேட்டு. எந்தக் கலர் ஏற வேண்டுமானாலும் முதலில் முடியின் கறுப்பை எடுக்க வேண்டும். அதற்கு ப்ளீச். சிவப்பு, தங்கம், ஒரு தீபாவளிக்குக் கத்தரிப்பூ நிறம் என்று வருஷக்கணக்காக வெளுத்து வெளுத்து அடித்திருக்கிறார்கள்.

"என் தலைதாங்க அந்தக் கடைக்குப் போர்டு" என்றார்.

அந்த நாட்களில்தான் மகள் பவித்ராவுக்குக் காய்ச்சல் வந்து நினைவு தப்பிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இவர் தன் தலையைப் பிடித்துக்கொண்டு, "முருகா, புள்ளையக் குடுத்துரு, என் முடிய எடுத்துக்க" என்று வேண்டியிருக்கிறார். பிள்ளை பிழைத்தது. கடனைச் செலுத்தப் பழனிக்குப் போனார். முடி எடுக்கும் மண்டபத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, முன்னால் இருந்த பெண்ணின் முடி கருகருவென்று கற்றை கற்றையாகத் தரையில் விழுந்ததைப் பார்த்தார். தன் தலையைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து வந்துவிட்டார்.

"சாமிக்கு ஒடைக்கற தேங்கா அழுகி இருந்தா நமக்கு எப்பிடி இருக்குமுங்க? அழுகல்னு தெரிஞ்சே கையில வச்சுக்கிட்டு நிக்கறனேன்னு இருந்துச்சு. நல்ல முடி வளத்து எடுத்துக்கிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

நான் கணக்கு டீச்சர் அல்லவா, விடுவேனா? இப்போது மழித்துவிட்டு, புதிதாக வளர்வதைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்றேன்.

"சாமிக்குன்னு சொன்ன தலையில வெறுமனே கத்தி வைக்கலாமுங்களா? கத்தி வச்சா அது பழனியிலதான். நுனிய வெட்டிக்கலாம், அது வேறங்க."

என் கணக்கு அங்கே செல்லவில்லை. முறைப்படி பார்த்தால் அவர் சொன்னதில் ஓட்டையும் இல்லை. ஆக, கொடுத்துவிடுவதற்காக ஒரு தலைமுடியைத் தேற்றுவது என்று நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். நாங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், வெளுக்கத் தெரிந்த அவருக்குத் தேற்றத் தெரியாது. எனக்கு எதுவுமே தெரியாது.

தெரியாதவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் யோசனை சொல்ல ஊரே வரும். முதலில் நல்லம்மாள் வந்தார். வளப்பூர் நாட்டிலிருக்கும் தன் தம்பியிடம் சொல்லி மலைத்தேன் வரவழைத்தார். "தேனு தடவுனா பொணத்துக்கே பளபளப்பு வரும் சாமி, முடிக்கு வராதா?" என்றார். தடவினோம். இரண்டு முறை அலசியும் பிசுபிசுப்பு போகவில்லை. மறுநாள் காலை ஜெயமணியின் தலையணை முழுக்க எறும்பு. அவர் அலறியதில் நல்லம்மாள் வீட்டுக் கோழிகள் கூரையேறிவிட்டன. தேனுக்கே லேசாக வெளுக்கும் குணம் உண்டு என்று எங்கள் அறிவியல் ஆசிரியர் பிறகு சாவகாசமாகச் சொன்னார். எறும்புக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

அடுத்தது அவுரி. மருதாணி போட்டு அதன்மேல் அவுரிப் பொடி போட்டால் கறுக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, நாமக்கல்லில் நாட்டு மருந்துக் கடையில் நானே வாங்கி வந்தேன். அவசரத்தில் மருதாணியை விட்டுவிட்டு அவுரியை மட்டும் குழைத்துப் பூசினோம். நல்ல முடியில் கறுப்பு ஏறியிருக்குமோ என்னவோ, வெளுத்த முடியில் பச்சை ஏறியது. சும்மா பச்சை இல்லை, குளத்துப் பாசிப் பச்சை. அன்றைக்கென்று மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். தலைமையாசிரியர் ஜெயமணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மா, கொஞ்சம் பழைய ரிக்கார்டு ரூம்ல வேலை இருக்குதுங்களே" என்றார். போகிற வழியில் ஒரு வாண்டு இன்னொன்றிடம் சொன்னதை ஜெயமணி கடைசி வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: "டேய், தெனை இன்னும் முத்தலைடா."

பச்சை வெளிறுவதற்குச் சில வாரம் ஆயிற்று. அதற்குள் நாமக்கல்லில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அந்த அம்மாள் முடியை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒளிக்காமல் சொன்னார். வெளியே வந்துவிட்ட முடி நகத்தைப் போன்றதுதான், அதற்கு உயிர் கிடையாது. கெட்டுப்போனதை நல்லதாக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. எண்ணெயும் க்ரீமும் அது மேலும் உடையாமல் காக்கும், அவ்வளவுதான். புதிதாக வருவது நல்லதாகத்தான் வரும், அதைக் கெடுக்காமல் விட வேண்டும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜெயமணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவ்வளவு ஆசையாக வந்தவர். வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் என் தோளில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தார். பாதி மலை ஏறிய பிறகு, "அப்ப இத்தன நாளா செத்ததுக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்திருக்கறமுங்க" என்றார். இன்னும் கொஞ்சம் மேலே போனதும், "வேருல வர்றது நல்லதுதானுங்களே டீச்சர்? அவங்க அப்படித்தான சொன்னாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இறங்கும் வரை அதையே நாலைந்து தடவை கேட்டார். நானும் நாலைந்து தடவை ஆமாம் என்றேன்.

அன்றிலிருந்து அவசரம் போய்விட்டது. ஞாயிறு காலையில் தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கி, குளிப்பதற்கு முன்பே இழை இழையாகப் பூசிவிடுவோம். வெளுத்த முடி பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து ஊதி உடையும், எண்ணெய் இருந்தால் அவ்வளவு குடிக்காது. ஷாம்பூவை மக்கில் கரைத்து மண்டைக்கு மட்டும். துவட்டுவதற்கு டர்க்கி டவல் கூடாது, பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தோடு கட்டக் கூடாது, பின்னக் கூடாது. சிக்கை நுனியிலிருந்து எடுத்துக்கொண்டே மேலே போக வேண்டும். என் பழைய பட்டுச்சேலை ஒன்று அவர் தலையணை உறையாயிற்று. பருத்தித் துணியில் முடி உரசி உடைகிறதாம். பட்டில் தலை வைத்துத் தூங்குகிற இளநிலை உதவியாளர் இந்த மாவட்டத்திலேயே நீங்கள் ஒருவர்தான் என்பேன்.

சேலத்திலிருந்து கொண்டு வந்த ஹேர் டிரையரை இனி தொடுவதில்லை என்று நல்லம்மாளிடம் கொடுத்துவிட்டார். மழைக்காலம் முழுக்க நல்லம்மாள் அதை வைத்து ஈர விறகை ஊதி அடுப்பு எரித்தார். "நல்ல சாமானுங்க, ஊதாங்கொழலு தோத்துச்சு" என்று எல்லாரிடமும் காட்டினார். அடுத்த வருஷம் நெருப்புப் பொறி பட்டு அது உருகிப் போகும் வரை அந்த வீட்டில் அதற்கு மரியாதை இருந்தது.

நுனி வெட்டுகிற வேலை என்னுடையது. வகுப்பில் கோடு போடுகிற மரஸ்கேலை அவர் முதுகில் வைத்து அளந்து வெட்டுவேன். அப்படியும் ஒரு பக்கம் கோணும். "கணக்கு டீச்சரு கை நேரா வெட்டும்னு நம்பி உக்காந்தனே" என்று இரண்டு கண்ணாடிகளைப் பிடித்துப் பார்த்துவிட்டு அலுத்துக்கொள்வார். சரிசெய்கிறேன் என்று மறுபக்கம் வெட்டினால் அது இன்னும் கோணும். போதும் போதும் என்று எழுந்து ஓடுவார்.

மேலே கறுப்பும் கீழே மஞ்சளுமாக இருந்த காலத்தில் அவர் அதை மறைக்கவில்லை. அந்தக் கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்குவதைப் பள்ளிக்கூடமே பார்த்தது. "டீச்சர், காதுக்கு வந்துருச்சு" என்று பிள்ளைகள் வந்து சொல்வார்கள். அந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது, "தோளைத் தாண்டிருச்சுங்க டீச்சர்" என்றார்கள். ராசிபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்த பவித்ரா லீவுக்கு வந்தால் முதல் வேலையாக அம்மாவைத் திருப்பி நிறுத்திப் பார்ப்பாள். அவளுக்கு முடி அடர்த்தியே கிடையாது. அந்தக் காய்ச்சலில் கொட்டியது, பிறகு மெலிதாகத்தான் வளர்ந்தது. அதைச் சொல்லி அவள் ஏங்கினால் ஜெயமணி அவள் கன்னத்தை வழித்து, "உசுரு இருக்குது கண்ணு, அது போதும் எனக்கு" என்பார்.

கடைசி மஞ்சள் நுனி போனது ஒரு மாசி மாதத்தில். நல்லம்மாள் பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தார், அதன் ஓரத்தில் உட்கார வைத்துத்தான் வெட்டினேன். வெட்டியதை நல்லம்மாள் கூட்டி அள்ளி, உரமாகட்டும் என்று மிளகுக்கொடியின் தூரில் போட்டார். ஜெயமணி முடியை முன்னால் போட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். முழுக்கக் கறுப்பு. கை வைத்தால் வழுக்கியது. "எங்கம்மா பின்னி உடுவாங்களே, அந்த முடிங்க டீச்சர் இது" என்றவர் அழுதுவிட்டார். அவருடைய தாயார் அவர் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இறந்துவிட்டார்.

"ஏஞ்சாமி அழுவற, நல்ல நாளும் அதுவுமா" என்று நல்லம்மாளும் அழுதார். நான் கத்தரிக்கோலைக் கழுவப் போகிற மாதிரி உள்ளே போனேன்.

இனி பழனிதான் என்று எல்லாரும் நினைத்தோம். பங்குனி உத்திரம் வந்தது, ஆண்டுத் தணிக்கை என்றார். தைப்பூசம் வந்தது, கூட்டமாக இருக்கும் என்றார். பவித்ராவின் பரீட்சை, நல்லம்மாளின் கால்வலி, மலையில் மண்சரிவு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வந்தது. முடி தோளிலிருந்து முதுகுக்கும், முதுகிலிருந்து இடுப்புக்கும் வந்தது. "முருகன் மயிலை அனுப்பி உங்களைப் பார்த்துவரச் சொல்லப்போகிறார்" என்று நான் சீண்டுவேன். சிரித்து மழுப்புவார்.

எனக்கு மாறுதல் உத்தரவு வந்த வாரம், மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். சாயங்கால வெயில். யாரும் கேட்காமல் தானாகவே சொன்னார்:

"குடுக்கறதுக்குன்னுதான் வளத்தேனுங்க. பொய் சொல்லல. கெட்டுக் கெடந்தப்ப எப்பக் குடுப்பம்னு இருந்துச்சு. நல்லா ஆனதுக்கப்பறம் கை வர மாட்டேங்குது. காலைல எந்திரிச்சுப் பின்னறப்ப எங்கம்மா பின்னால உக்காந்திருக்கற மாதிரியே இருக்குதுங்க டீச்சர். இன்னும் கொஞ்ச நாளு வச்சுக்கறனே. சாமி கோவிச்சுக்குமுங்களா?"

கோபித்துக்கொள்ளாது என்றேன். எனக்கென்ன தெரியும்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்ல முடியும்? அவர் கண்ணை மூடிக்கொண்டு சீப்பை மெதுவாக இழுத்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு மனுஷி தன் தலையைத் தானே அவ்வளவு பிரியமாகத் தொட்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கீழே வந்த பிறகும் மாதம் ஒருமுறை மேலே போவேன். நுனி வெட்ட என்று பேர். உண்மையில் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அந்த எண்ணெய் வாசனை, நல்லம்மாளின் சத்தம், மரவள்ளிக்கிழங்கு அவியலோடு பேச்சு. கீழே எனக்கு வீடு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. ஆனாலும் ஞாயிறு காலையில் கை எதையோ தேடும். இனி வாழ்நாள் முழுக்கத் தேடும்.

தவறுவதற்கு முந்தின மாதம் போன் செய்தார். "வர்ற பங்குனிக்குப் போயிரலாமுங்க டீச்சர். முடிவு பண்ணிட்டேன். பவித்ரா காலேஜ் முடிக்கப் போறா, வேலைக்குப் போயிருவா. அதுக்கு முன்னால கடனத் தீத்துரணும். நீங்க கட்டாயம் வரணும். கத்தி வைக்கறப்ப என் கையப் புடிச்சுக்கங்க" என்றார். சரி என்றேன். பங்குனி பிறப்பதற்குள் போய்விட்டார்.

சேந்தமங்கலம் பக்கத்தில் அவருடைய அண்ணன் வீட்டில் கிடத்தியிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பறை கேட்டது. குளிப்பாட்டி முடித்து, ஈர முடியை அள்ளி முடியப் போன நேரத்தில்தான் அந்தப் பேச்சு கிளம்பியது.

"பழனிக்கு வேண்டுன முடியாச்சே. கடன் நின்னு போனா புள்ளைக்கு ஆவாதே" என்றார் உறவில் ஒரு பெரியம்மாள்.

"அப்ப வெட்டி எடுத்துக்கலாம். நான் கொண்டு போயிச் செலுத்திட்டு வாரேன்" என்றார் அண்ணன். தங்கையின் மேல் உயிரையே வைத்திருந்தவர். அவருக்குப் பவித்ராவை நினைத்துப் பயம்.

"பொணத்து முடியச் சாமிக்குக் குடுப்பாங்களாடா?" என்று ஒரு பெரியவர் அதட்டினார்.

"அப்ப புள்ள கெதி?"

ஆளாளுக்குப் பேசினார்கள். யாரோ கத்தரிக்கோலும் கொண்டு வந்துவிட்டார்கள். "டீச்சரம்மா, நீங்கதான் எப்பவும் வெட்டுவீங்களாமா. நீங்களே சொல்லுங்க" என்று அண்ணன் என்னைப் பார்த்தார். சாமி கோபித்துக்கொள்ளாது என்று ஜெயமணியிடம் சொன்னவள் நான். இத்தனை பேர் நடுவில், அந்தப் பிள்ளையின் உயிரை முன்னால் வைத்துக் கேட்கும்போது எதைச் சொல்வேன்?

அதுவரை அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்த பவித்ரா எழுந்து வந்து, கத்தரிக்கோலை வாங்கிக் கூரைச் சந்தில் செருகினாள்.

"எனக்காக வேண்டுனது தானுங்க மாமா? நான் குடுத்துக்கறேன். அம்மா முடி அம்மாகிட்டயே இருக்கட்டும்."

பிறகு என்னிடம் திரும்பி, "பெரியம்மா, நீங்க பின்னி உடுங்க" என்றாள்.

முடி ஈரமாக இருந்தது. "காயட்டும் சாமி, ஈரத்தோட பின்னக் கூடாது" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். வெளியே ஆண்கள் நேரமாகிறது என்று குரல் கொடுத்தார்கள். அந்த உறவுக்காரப் பெரியம்மாள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். பவித்ரா மட்டும் ஒரு விசிறியை எடுத்து வந்து விசிறினாள். மலையிலிருந்து வந்திருந்த நல்லம்மாள் வாசலில் போய் நின்று, "ஏனுங்க, ஒரு நாழி பொறுத்தா என்ன கொறஞ்சு போவுது? காஞ்சதும் வாரமுங்க" என்று அத்தனை ஆண்களையும் நிறுத்தி வைத்தார். காய்ந்தது. நுனியிலிருந்து சிக்கெடுத்தேன். ஓர் இழை கூட உடையவில்லை. பின்னி முன்னால் எடுத்துவிட்டபோது இடுப்பைத் தாண்டி இருந்தது. மலையடிவாரத்துச் செம்மண்ணில் அப்படியே அடக்கம் செய்தோம்.

கருமாதி முடிந்து, பங்குனியில் பவித்ராவை அழைத்துக்கொண்டு பழனிக்குப் போனேன். துக்கம் நடந்த வீட்டார் ஒரு வருஷம் மலையேறக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருந்ததால், அடிவாரத்தில் முடி கொடுத்துவிட்டுக் கீழிருந்தே கும்பிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் நல்ல அடர்த்தியான முடிக்காரர்கள் இருந்தார்கள். தன்னுடைய மெலிந்த முடியை அவள் ஒருமுறை கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. முறை வந்ததும் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். நான் பக்கத்தில் அமர்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முடி எடுப்பவர் வயசாளி. தண்ணீரைத் தெளித்து நனைத்துக்கொண்டே, எல்லாரிடமும் கேட்பது போலக் கேட்டார்: "யாருக்கும்மா வேண்டுதலு?"

"எங்கம்மாவுக்குங்க" என்றாள்.

"அம்மாவுக்கு எல்லாஞ் செரியாயிரும் கண்ணு. முருகன் பாத்துக்குவான்" என்று சொல்லிக் கத்தியை வைத்தார்.

"செரிங்க" என்றாள் பவித்ரா.

ஜெயா, கடன் தீர்ந்தது. இனி உங்கள் முடியை யாரும் கேட்க மாட்டார்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள்.